பழைய வண்டியும் ஆயிரம் பொன்னும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதவியல்)

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று நம் முன்னோர் சொல்லிச் சென்றனர். யானை வாங்கும் வசதி படைத்தவர் எவரும் நம் கல்லூரியில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆயினும் யானையைப் போன்ற பெரிய வண்டி ஒன்றை, அதுவும் பிறர் ஓட்டிக் கழித்த வண்டியை, கடன்பட்டு வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அப்படி வாங்கப் புறப்படும்போது தரகர் முதல் தாய்மாமன் வரை அனைவர் வாயிலும் தவறாமல் வருகிற சொல் 'ரீசேல்'. "இந்த வண்டிக்கு ரீசேல் இருக்கு", "அந்த வண்டிக்கு ரீசேல் இல்லை" என்ற இரண்டே வாக்கியங்களில் ஒரு வீட்டின் பல ஆண்டுச் சேமிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடுகிறது. இந்தச் சொல்லை நாம் சரியாகத்தான் எடை போடுகிறோமா என்பதே என் கேள்வி.

ஆண்டு மலரில் இயற்கையைப் பற்றியும் அன்னையைப் பற்றியும் நண்பர்கள் அழகாக எழுதுவார்கள். நான் பழைய வண்டியைப் பற்றி எழுத வந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு நிலைமைதான். ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்வார்களாக.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர்ப் பாதையில், மலைக்கு மேற்கே, ஆதி அருணாசலேசுவரர் கோயில் இருக்கும் ஊர். பௌர்ணமி அன்று எங்கள் தெருவில் மனித வெள்ளம் ஓடும், வண்டிக்கு வழியில்லை. மற்ற நாட்களில் ஆந்திரம், தெலங்கானா எண் தாங்கிய பெரிய வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். அப்பா இருபது ஆண்டுகளுக்கு மேலாக அத்தகைய வண்டிகளைப் பிறருக்காக ஓட்டுகிறார். சென்னை விமான நிலையம், திருப்பதி, புதுச்சேரி என்று அவர் போகாத பாதை இல்லை. சொந்தமாக ஒரு வண்டி வாங்கிப் பெர்மிட் எடுத்து ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் எண்ணம். இந்த ஆண்டு அது பேச்சளவைத் தாண்டிவிட்டது. அம்மாவின் நகை, கொஞ்சம் சேமிப்பு, மீதிக்கு வட்டிக் கடன் என்று திட்டம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்பதால் ஒரு நாள் இரவு நோட்டுப் புத்தகத்தை என் முன் வைத்து, "நீ கணக்குப் படிக்கிறவனாச்சே, போட்டுப் பாரு" என்றார். இரண்டு ஆண்டுகளாக நான் போட்ட கணக்குகளில் விடை தவறினால் மதிப்பெண்தான் போகும். இந்தக் கணக்கில் அம்மாவின் நகை போகும்.

எங்கள் முன் இரண்டு வண்டிகள் இருந்தன. இரண்டுக்கும் ஏறக்குறையப் பத்து வயது. ஒன்று, பெயரைச் சொன்னவுடன் யாரும் தலையாட்டுகிற ஏழு பேர் வண்டி. விலை 9 லட்சம். மற்றொன்று அதைவிடப் பெரியது, உயரமானது. ஏறி உட்கார்ந்தால் ஜமீன்தார் ஆகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதைச் செய்த நிறுவனம் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திக்கொண்டது. விலை 5½ லட்சம். ஊரார் ஒருமித்துச் சொன்னது: "முதல் வண்டிதான். ரீசேல் இருக்கு."

முதலில் புத்தகக் கணக்கைப் பார்ப்போம். வருமான வரிச் சட்டம் சொந்தத் தொழிலுக்குப் பயன்படும் காருக்கு ஆண்டுக்கு 15 சதவீதமும், வாடகைக்கு ஓடும் வண்டிக்கு 30 சதவீதமும் தேய்மானம் அனுமதிக்கிறது. எஞ்சிய மதிப்பின் மீது இப்படிக் குறைத்துக்கொண்டே போவது நாம் படித்த பெருக்குத் தொடர்தான். 15 சதவீதமானால் நான்கு ஆண்டுக்குச் சற்று மேல் ஓடும்போது மதிப்பு பாதியாகும். 30 சதவீதமானால் இரண்டே ஆண்டில் பாதி. இயற்பியல் நண்பர்கள் கதிரியக்கத் தனிமத்தின் அரை ஆயுளை நினைத்துக்கொள்ளலாம். காப்பீட்டு நிறுவனங்களின் அட்டவணையும் இதுபோல்தான்: ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20 என ஏறி, ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதத்தைத் தொடும்.

ஏட்டில் எல்லா வண்டிகளும் ஒரே வேகத்தில் தேய்கின்றன. சந்தையில் அப்படி இல்லை. அங்கே மதிப்பு என்பது வண்டிக்குள் இருக்கும் பொருளே அன்று. அது வெளியே, பிறர் மனத்திலும் அரசாங்கக் காகிதத்திலும் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2017-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் செவர்லே வண்டிகளை விற்பதை நிறுத்தியது. நம் வட்டாரத்தில் வாடகைக்கு ஓடிய டவேரா வண்டிகளின் எஞ்சினுக்கு அன்று ஒன்றும் ஆகிவிடவில்லை. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நம் மறைமலை நகரில் எண்டெவர் என்னும் பெரிய வண்டியை உருவாக்கிய நிறுவனம் அது. அறிவிப்புக்கு முதல் நாளும் மறுநாளும் அந்த வண்டியின் இரும்பு ஒன்றுதான். மாறியது, "நாளை இதற்கு உதிரிப் பாகம் கிடைக்குமா?" என்று வாங்குவோர் மனத்தில் எழுந்த ஐயம் மட்டுமே. உதிரிப் பாகமும் பழுதுபார்ப்பும் தொடரும் என்று அந்த நிறுவனம் சொன்னது. ஆனால் ஐயம் என்பது சொன்னவுடன் போய்விடுகிற நோய் அல்லவே!

நின்றுபோன வண்டி எல்லாம் விலை போகாது என்று முடிவு கட்டுவதும் பிழை. 2000-இல் வந்த டொயோட்டா குவாலிஸ் 2005-இல் இன்னோவாவுக்கு இடம் விட்டு நின்றது. அதைத் தேடி வாங்குவோர் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் இருந்தனர். டாடா சுமோ 1994 முதல் 2019 வரை வந்தது. (சுமோ என்றதும் ஜப்பானிய மல்லர்களை எண்ணுவோர் பலர். டாடா மோட்டார்ஸைக் கட்டி வளர்த்த சுமந்த் மூல்காவ்கர் பெயரின் முதலெழுத்துகளே அவை.) வண்டி நின்றாலும் செய்தவர் சந்தையில் இருக்கிறாரா, நம் ஊர் மெக்கானிக்கின் கை அதற்குப் பழகியிருக்கிறதா என்பவைதாம் கேட்க வேண்டியவை.

அரசாங்க ஆணையின் வலிமையையும் பார்க்க வேண்டும். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டி டெல்லியில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் ஆணையிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே ஊற்றுவதில்லை என்று அங்கே தொடங்கி, எதிர்ப்பு எழவே சில நாட்களில் நிறுத்தி வைத்தார்கள். நம் ஊரில் இன்னும் ஐந்தாறு ஆண்டு உழைக்கக்கூடிய வண்டி அங்கே வயது ஒன்றினாலேயே வேண்டாப் பொருளாயிற்று. அதனால்தான் "டெல்லி வண்டி, பாதி விலை" என்ற அழைப்பு நம் மாவட்டம் வரை வருகிறது. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, மறுபதிவு செய்து முடிப்பதற்குள் அந்தப் பாதி விலை எவ்வளவாகும் என்பதை அழைப்பவர் சொல்வதில்லை.

புதிய வண்டியின் வரி குறைந்தாலும் பழைய வண்டியின் விலை அசையும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி. வண்டிகளுக்கு, சரக்கு சேவை வரியும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 50 சதவீதமாக இருந்தது 40 சதவீதமாயிற்று. பத்து சதவீதம் மலிவாகிவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர். 150 ரூபாய்ப் பொருள் 140 ஆனது. அதாவது ஆறரை சதவீதத்துக்குச் சற்று மேல். எனினும் 20 லட்ச ரூபாய் வண்டியில் அது 1 லட்சத்து 33 ஆயிரம். புதியது அவ்வளவு இறங்கினால் பழையது தன் விலையில் எப்படி நிற்கும்? முதல் நாள் மாலை பழைய வண்டி வாங்கியவர் தன் தவறு எதுவும் இன்றியே இழந்தார்.

இனி எங்கள் கணக்கு. மெக்கானிக்குகளிடமும் தரகர்களிடமும் கேட்டு அப்பா சொன்ன மதிப்பீடு இது. முதல் வண்டி 9 லட்சம். நான்கு ஆண்டு ஓட்டி விற்றால் 6 லட்சம் வரும். இழப்பு 3 லட்சம். இரண்டாவது 5½ லட்சம். நான்கு ஆண்டு கழித்து 1½ லட்சம் வந்தால் பெரிது. இழப்பு 4 லட்சம். ஊரார் கணக்கு இத்துடன் முடிகிறது. முதல் வண்டியே வென்றது.

ஆனால் போட்ட பணத்துக்கு வட்டி உண்டல்லவா? நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, அசல் இடையில் குறையவில்லை என்று வைப்போம். நான்கு ஆண்டில் 9 லட்சத்துக்கு வட்டி 4 லட்சத்து 32 ஆயிரம். 5½ லட்சத்துக்கு 2 லட்சத்து 64 ஆயிரம். இழப்பையும் வட்டியையும் கூட்டினால் முதல் வண்டிக்கு 7 லட்சத்து 32 ஆயிரம். இரண்டாவதற்கு 6 லட்சத்து 64 ஆயிரம். ரீசேல் இல்லாத வண்டி 68 ஆயிரம் மலிவு! இதைக் கண்டு நானே திகைத்து, மறுபடி கூட்டிப் பார்த்தேன். நம் பக்கம் சாதாரணமாக வாங்குகிற இரண்டு ரூபாய் வட்டியானால் வித்தியாசம் 2 லட்சத்து 36 ஆயிரமாக விரிகிறது.

டீசலையும் சேர்க்காமல் விடக் கூடாது. ஒன்று லிட்டருக்கு 12 கிலோமீட்டர், பெரியது 10 கிலோமீட்டர் ஓடுவதாகவும், ஆண்டுக்கு 20 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுவதாகவும் கொண்டால் பெரிய வண்டி 333 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் ஆண்டுக்கு 30 ஆயிரம். நான்கு ஆண்டில் 1 லட்சத்து 20 ஆயிரம். ஒரு ரூபாய் வட்டிக்காரருக்கு இப்போது முதல் வண்டி இலாபம். இரண்டு ரூபாய் வட்டிக்காரருக்கு அப்போதும் இரண்டாவதே இலாபம். அதே இரு வண்டிகள், அதே சாலை. கடன் கொடுத்தவர் மாறினால் விடை மாறுகிறது. நல்ல ரீசேல் என்பது இலவசமாக வருவதன்று; அதை வாங்கும் அன்றே விலை கொடுத்து வாங்குகிறோம், நான்கு ஆண்டு அதற்கு வட்டியும் கட்டுகிறோம். கூடுதல் வட்டி கட்டுகிற ஏழைக்கு அந்தப் பொருள் பணக்காரரைவிட அதிக விலைக்கு விற்கப்படுகிறது. இதை ஒரு தரகரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கணக்கை முடித்துப் பெருமையுடன் அப்பாவிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே கேள்வி கேட்டார்: "நாலு வருஷம் வெச்சிருப்பேன்னு யார்டா சொன்னது?"

எனக்கு விடை தோன்றவில்லை. மாத ஊதியக்காரர் விற்கும் நாளைத் தாமே குறித்துக்கொள்கிறார். எங்களைப் போன்றோர் வீட்டில் அந்த நாளைக் குறிப்பது மருத்துவமனையோ, திருமணமோ, மழை பொய்த்த ஆண்டோதான். ஓராண்டிலேயே விற்க நேர்ந்தால்? முதல் வண்டி 8 லட்சத்துக்குப் போகும். இரண்டாவது 3½ லட்சத்துக்குப் போகலாம். ஒரு ரூபாய் வட்டியோடு கூட்டினால் முதலாவதில் 2 லட்சத்து 8 ஆயிரம் போகிறது. இரண்டாவதில் 2 லட்சத்து 66 ஆயிரம். இங்கே ஊரார் சொன்னதுதான் சரி.

அந்தக் கேள்வியை அப்பா கேட்டதற்குக் காரணம் என் சித்தப்பா. அவர் முன்பு ஒரு பெரிய வண்டியைத் தரகர் மூலம் மலிவாக வாங்கினார். வண்டியில் குறை சொல்ல முடியாது. ஜவ்வாது மலைச் சாலையில் ஜமுனாமரத்தூர் வரை மூச்சுத் திணறாமல் ஏறும். ஆனால் பழைய உரிமையாளர் ஒரு நிதி நிறுவனத்தில் பெற்றிருந்த கடன் ஆர்.சி. புத்தகத்தில் அடிக்கப்படாமலே இருந்தது. "ஒரு வாரத்துல முடிச்சுத் தரேன்" என்ற தரகர் அதன் பிறகு போனை எடுக்கவில்லை. ஓட்டுகிற வரை அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. சித்திக்கு அறுவை சிகிச்சை என்று வந்தபோதுதான் விற்கப் போனார். வந்தவர்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்தார்கள், ஆர்.சி.யைப் பார்த்ததும் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று போனார்கள். ஐந்து மாதம் அப்படிப் போயிற்று. சிகிச்சைக்குப் பணம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினோம். கடைசியில் வண்டி பாதி விலைக்குப் போனபோது அந்த வட்டிக் கடனை அடைக்கக்கூட முழுதாகப் போதவில்லை. சித்தி நலமாக இருக்கிறார். சித்தப்பா மறுபடி பிறர் வண்டி ஓட்டுகிறார். "வாங்கறப்பவே ஒரு தடவ வித்துப் பாத்துடணும்டா" என்பார்.

ரீசேல் என்பதில் நாம் விலையை மட்டும் பார்க்கிறோம். எத்தனை நாளில் விற்கும் என்பதைப் பார்ப்பதில்லை. நகையை மக்கள் விரும்புவது ஏன்? செய்கூலியும் சேதாரமும் போனால் போகட்டும், அடகுக் கடைக்குக் கொண்டுபோன அரை மணி நேரத்தில் பணம் கைக்கு வருகிறது. வண்டிக்கு அந்த வேகத்தைத் தருவது பெரும்பாலும் காகிதம்தான்: கடன் நீங்கிய ஆர்.சி., உரிய பெயர் மாற்றம், நடப்பில் உள்ள காப்பீடு, நிலுவையில்லாத அபராதம். இவற்றுக்கு ஆகும் செலவு சில ஆயிரம். அலைச்சல் சில நாட்கள். பெயர் பெற்ற வண்டிக்கு மூன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுக்கத் துணிகிற நாம், பெயர் மாற்றத்தை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுகிறோம். இந்த முரண்பாடு எனக்கு விளங்கவே இல்லை.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குறையுள்ள காரை அங்கே 'எலுமிச்சம்பழம்' என்பார்களாம். வண்டியின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் தருவான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் எஞ்சுவது எலுமிச்சம்பழமே என்பது அவர் வாதம். அதனை ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பிய இதழ்களும் உண்டு. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் தீபத் திருவிழா மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்க விட்டுப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிய உழவருக்கு இந்தச் செய்தி புதிதாக இருந்திராது. மாட்டுக்குப் பல் உண்டு. வண்டிக்கு மீட்டர் உண்டு. ஆனால் மீட்டரைத் திருப்பி வைக்கிறார்களே! ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி எழுபதாயிரத்தைக் காட்டும். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழப்பாகியிருப்பதையும் ஸ்டியரிங்கின் தோல் பளபளப்பதையும் கொண்டுதான் அப்பா உண்மையைக் கண்டுபிடிப்பார். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கிக் கிடந்ததை நாம் பார்த்தோம். அத்தகைய வண்டி துடைத்து மெருகிடப்பட்டு வெளியூரில் விலைக்கு நின்றால் கண்டுபிடிப்பது கடினம். இருக்கைக்கு அடியில் உள்ள இரும்புச் சட்டத்தின் துருவைத் தடவிப் பார்க்க அவர் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

என் வகுப்பு நண்பன் ஒருவன் வேறு விதமாக வாதிட்டான். "வண்டி என்பது ஏர் மாதிரி ஒரு கருவி. உழுது சம்பாதிப்பதற்கு வாங்குகிறோமா, விற்பதற்கு வாங்குகிறோமா? மாதம் என்ன வருமானம் என்பதைப் பார், ரீசேலை மற" என்றான். இதில் பாதி உண்மை இருக்கிறது. மாதத்தில் இருபது நாள் வாடகை கிடைக்கிற வண்டி, நான்கு ஆண்டு கழித்து ஒன்றுமில்லாமல் போனாலும் தன் விலையை ஈட்டித் தந்திருக்கும். ஆனால் ஏரை எவரும் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்குவதில்லை. தவிரவும், வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம். மஞ்சள் பலகைக்கு மாற்றினாலோ, "டாக்சியில ஓடின வண்டி" என்று அன்றே விலையில் ஒரு பகுதி போய்விடுகிறது. நேர்மையாகத் தொழில் செய்ய விரும்புகிறவருக்குச் சந்தை விதிக்கும் தண்டனை இது. அதையும் தெரிந்தே ஏற்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எண்ணிய பின் என் கருத்து இது. விற்கும் நாள் நம் கையில் இல்லாதபோது, விரைவில் விற்கிற வண்டியைத்தான் வாங்க வேண்டும். இதில் ஊரார் பக்கமே நானும். ஆனால் அந்த வேகத்தைப் பெற 9 லட்சம் கொடுக்க வேண்டுவதில்லை. 2000-இல் வந்து இன்றும் விற்பனையில் இருக்கிற மகிந்திரா பொலிரோ போன்ற எளிய வண்டி, நம் மெக்கானிக்குகள் அனைவரும் அறிந்தது. 6 லட்சத்துக்குள், காகிதம் சுத்தமாக, இரண்டு ரூபாய் வட்டி தேவைப்படாத அளவில் ஒன்று கிடைத்தால் அதுவே எங்களுக்குப் போதும். மீதிக் கடனை வாங்காமலே இருப்பதுதான் எங்களுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த ரீசேல் என்பேன்.

அப்பா இதை முழுதாக ஏற்கவில்லை. "ஆந்திராக்காரங்க போன் பண்ணினாலே இன்னோவா இருக்கான்னுதான் கேக்கறாங்க. பொலிரோல ஏழு பேரைத் திருப்பதி கூட்டிட்டுப் போய்ப் பார், அப்புறம் தெரியும்" என்கிறார். நான் நோட்டில் வாடகை நாட்கள் என்று புதிதாக ஒரு பத்தி வரைந்திருக்கிறேன். அதை நிரப்ப அவர்தான் சொல்ல வேண்டும். அம்மா இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நகைப் பெட்டியை மட்டும் இரண்டு முறை திறந்து எண்ணிப் பார்த்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செங்கத்தில் ஒரு வண்டி பார்க்கப் போகிறோம். சித்தப்பாவும் வருகிறார். ஆர்.சி.யை முதலில் என் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.